ஒரே மரத்தின் இரு மரவைகள்

உப்பைச் செம்பில் வைத்தால் களிம்பேறும். இரும்பில் வைத்தால் துருப்பிடிக்கும். மண்கலத்தில் வைத்தால் கசிந்து கலத்தின் புறத்தே பூத்து நிற்கும். மரத்தில் வைத்தால் இவை ஒன்றும் நேர்வதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டவரல்லர் நம் முன்னோர். வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டனர். அவ்வாறு உப்புக்கும் ஊறுகாய்க்கும் உரியதென அவர்கள் கண்டெடுத்த கலத்தின் பெயர் மரவை. மரக்கட்டையைச் சுழலவிட்டு, உளியால் புறத்தைத் திரட்டி, அகத்தைக் குடைந்து எடுத்த கிண்ணம் அது.

மன்னர்களின் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்புவிக்கச் செய்வதே வரலாறு என்று எண்ணிக்கொண்டிருக்கும் பள்ளிகளில் ஒன்றில்தான் நாமும் பாடம் சொல்லுகிறோம். எவன் எவனை எந்தப் போர்க்களத்தில் வென்றான் என்பது மாணவர்க்குத் தெரிகிறது. வென்றவனும் தோற்றவனும் எதில் உண்டார்கள், அந்தக் கலத்தை ஆக்கியவன் யார், அதை எப்படி ஆக்கினான் என்று கேட்டால் வகுப்பு விழிக்கிறது. உண்மையைச் சொன்னால், ஆசிரியரும் விழிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆகவே ஒரு கிண்ணத்தின் வரலாற்றைத் தேடினோம். தேடத் தூண்டியவை அவிநாசிக்குச் சற்று வடக்கே, நம் அம்மிச்சியின் வீட்டில் இருந்த இரண்டு மரவைகள்.

ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிறம். ஒன்று சமையற்கட்டில் உப்புடன் இருந்தது. மற்றொன்று வெளியே இறவாணத்தில் கவிழ்த்துச் சொருகப்பட்டிருந்தது. பண்ணையத்து ஆட்கள் கூழோ மோரோ கேட்டு நிற்கும்போது, அவர்களே அதை எடுத்துக் கழுவி ஏந்துவார்கள், உயரத்திலிருந்து ஊற்றப்படும், குடித்து முடித்துக் கழுவி அவர்களே மீண்டும் சொருகிவிட்டுப் போவார்கள். மற்ற வீடுகளில் கொட்டாங்குச்சி இருந்த இடத்தில் நம் வீட்டில் மரவை இருந்தது. அதையே பெருந்தன்மை என்று ஊரார் சொல்லக் கேட்டிருக்கிறோம்!

ஒரு பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது பாத்திரங்கள் யாவும் வாசலுக்கு வந்தன. சிறுவயது, விளையாட்டாக இரு மரவைகளையும் எடுத்து வாயோடு வாய் பொருத்திப் பார்த்தோம். ஒன்றின் பக்கத்தில் அரைவட்டம் அரைவட்டமாக ஓடிய கோடுகள், மற்றதன் அரைவட்டங்களோடு சேர்ந்து முழு வட்டங்களாயின. மரத்தின் ஆண்டு வளையங்கள் அவை என்பது அப்போது தெரியாது.

"அம்மிச்சி, இது ரெண்டும் ஒரே மரத்துல செஞ்சதா?"

"ஆமா கண்ணு, ஒரே கட்டைதான். வெடுக்குனு கீழ வையி, தீட்டுப்பட்டுரும்."

எதிலிருந்து எதற்குத் தீட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கும் வயது வந்தபோது அம்மிச்சி இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கடைதல் என்னும் தமிழ்ச்சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். வெண்ணெய் எடுக்கும் வேலைக்கும் கட்டில்கால் திரட்டும் வேலைக்கும் ஒரே வினைச்சொல் ஏன்? இரண்டும் ஒரே பொறி என்பதால்தான். மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, வலக்கையும் இடக்கையும் மாறிமாறி இழுக்க, மத்து முன்னும் பின்னுமாய்ச் சுழல்கிறது. மத்தைப் படுக்க வைத்து, இருமுனையிலும் முளை கொடுத்து நிறுத்தி, தண்டின் இடத்தில் மரக்கட்டையைப் பொருத்திவிட்டால் அதுவே கடைசல் பொறி. ஒருவன் கயிற்றை இழுக்க, மற்றவன் உளி பிடிப்பான். பிற்காலத்தில் இழுப்பவன் தேவைப்படாதபடி வில் வந்தது. வில்லின் நாணைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, தொழிலாளி தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் உளியைப் பிடித்து, உளி நழுவாமல் கால் விரலால் அணைத்துக்கொண்டான். கட்டை தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். எதிர்ப்புறம் சுழலும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். பாதி உழைப்பு வீணாகும் முறைதான். ஆனால் அந்தப் பாதியைக் கொண்டே நூற்றாண்டு நூற்றாண்டாய் உலகம் கிண்ணம் செய்து உண்டது.

எகிப்து நாட்டில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் கடைசல்காரர் இருவரின் உருவங்கள் உள்ளன. காலம் ஏறத்தாழ கி.மு. 300. ஒருவர் பட்டையை இழுக்கிறார். மற்றவர் உளி பிடிக்கிறார். கடைசல் பொறியைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்றென ஆராய்ச்சியாளர் அதைச் சுட்டுவர். நம் நாட்டிலும் வேலைப்பாட்டின் சுவடு பழமையானது. நெடுநல்வாடையில் அரசி படுத்திருக்கும் யானைத்தந்தக் கட்டிலின் கால்கள் குடம்போல் திரண்டிருந்தன என்று படிக்கும்போது, கடைசல் பிடித்த கால்களே நினைவுக்கு வருகின்றன. கருநாடகத்தில் ஒய்சளர் எழுப்பிய கோயில்களின் மாக்கல் தூண்களைக் கடைசல் தூண்கள் என்றே இன்றும் அழைக்கிறார்கள். கல்லை அப்படி வழவழப்பாக்கிய கை, மரத்தில் எத்தனை தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்! மரம் மண்ணில் மட்கியது, கறையான் தின்றது, அடுப்பில் எரிந்தது. ஆகவே வரலாற்று ஏட்டில் கல் மட்டும் எஞ்சியது.

இந்தக் கயிற்றைக் கண்டுதான் போலும், பாற்கடல் கடைந்த கதையையும் கட்டினார்கள். மந்தர மலை மத்து, வாசுகி என்னும் பாம்பு கயிறு, ஒரு முனையில் தேவர், மறுமுனையில் அசுரர். ஆய்ச்சியின் முற்றத்திலும் கடைசல்காரனின் பட்டறையிலும் நாள்தோறும் நடந்ததைப் பெரிதாக்கி, மலையளவாக்கி, புராணமாக்கிவிட்டனர். அந்தக் கதையில் நம் கருத்தைக் கவர்வது மலையுமன்று, பாம்புமன்று. கயிற்றை இழுத்தவர் இருசாரார். அமுதம் உண்டவர் ஒருசாரார் என்பதே! கதை சொன்னவர் அறிந்தோ அறியாமலோ தம் காலத்துப் பண்ணையக் கணக்கை அதில் எழுதிவைத்துவிட்டார்.

கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சப்பானிய நாட்டில் மலைக்காடுகளில் அலைந்து கிண்ணம் கடையும் மக்கள் இருந்தனர். கிஜிஷி என்று பெயர். தங்கள் தொழிலைக் கற்பித்தவர் கொரேதகா என்னும் இளவரசர் என்று அவர்கள் நம்பினர். சுவடிச் சுருளின் கயிற்றை இழுக்க அதன் உருளை சுழல்வதைக் கண்டு, அவர் கடைசல் பொறியைக் கண்டுபிடித்தாராம். இளவரசரின் வழிவந்த உரிமை என்று சொல்லி, அதற்கான ஓலைகளையும் காட்டி, எந்த மலையிலும் மரம் வெட்டினார்கள். கதை அவர்களுக்குச் சோறு போட்டது. அதை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். கொரேதகா பிறந்தது கி.பி. 844. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 764-இல் எழுந்த கலகம் அடங்கியபின், ஷோதோகு என்னும் பேரரசி பத்து இலட்சம் சிறு மரக்கோபுரங்களைக் கடைந்து செய்ய ஆணையிட்டார். 770 அளவில் வேலை முடிந்தது. கோபுரம் ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்; உள்ளே அச்சிட்ட மந்திரச் சுருள் ஒன்று. பத்துக் கோயில்களுக்கு இலட்சம் இலட்சமாகப் பகிர்ந்தளித்தனர். ஹோரியூஜி கோயிலில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. இளவரசர் பிறக்குமுன்னரே பத்து இலட்சம் கட்டைகள் சுழன்று முடிந்துவிட்டன!

மந்திரம் நாட்டைக் காத்ததா என்று கேட்பார் கேட்கட்டும். நமக்கு அந்தக் கோபுரங்களின் அடிப்பாகமே சுவையானது. பொறியில் கட்டையைப் பற்றிய முளைகளின் தழும்பு அங்கே உள்ளது. சிலவற்றில் மையால் எழுதிய நாளும், கடைந்த தொழிலாளியின் பெயரும் உள்ளன. பேரரசியின் பெயரோடு கூலிக்காரனின் பெயரும் 1,250 ஆண்டுகள் கடந்து நிற்கிறது. நம் கோயில்களில் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். தட்டியவன் பெயர் எத்தனை கல்லில் இருக்கிறது?

மேற்கே இங்கிலாந்தில் யார்க் நகரில் காப்பர்கேட் என்றொரு தெரு. பெயரைக் கேட்டால் செம்பு விற்ற தெரு என்று தோன்றும்; அப்படியன்று. வடநாட்டார் மொழியில் கிண்ணம் செய்வோர் தெரு என்று பொருள். 1976 முதல் 1981 வரை அங்கே அகழ்ந்தபோது, பத்தாம் நூற்றாண்டின் மரக்கிண்ணங்களும், குடைந்தபின் உடைத்தெறிந்த நடுக்கட்டைகளும் ஈரமண்ணில் மட்காமல் கிடைத்தன. பெயர் சொன்னதை மண் மெய்ப்பித்தது. அந்நாட்டு முறையில் வில்லுக்குப் பதில் வளையும் கழி. தலைக்குமேல் கழி, அதன் நுனியில் கயிறு, கயிறு கட்டையைச் சுற்றிக் கீழே மிதியில் முடியும். மிதித்தால் கட்டை சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து திருப்பி இழுக்கும். இரு கைகளும் உளிக்குக் கிடைத்தன. ஒரு சிறு மாற்றம். ஆனால் உழைப்பாளி ஒரு கையை மீட்டுக்கொண்டான்.

கிண்ணம் குடைவதில் ஒரு வீண்செலவு உண்டு. பெரிய கட்டையின் நடுப்பகுதி முழுதும் சீவலாகிக் கீழே கொட்டிவிடும். கலம் கொஞ்சம், குப்பை அதிகம். இதைக் கண்டு மனம் பொறாத கடைசல்காரர்கள் ஒரு வழி கண்டனர். கொக்கிபோல் வளைந்த உளியைக் கொண்டு உட்புறத்தில் வளைவான பள்ளம் ஒன்றை ஆழமாக வெட்டிச் சென்று, நடுக்கட்டையைச் சிதைக்காமல் முழுதாகப் பெயர்த்தெடுத்தனர். பெயர்ந்த கட்டை அடுத்த கிண்ணமாயிற்று. அதன் நடுவிலிருந்து மற்றொன்று. ஒரே மரத்துண்டிலிருந்து ஒன்றனுள் ஒன்று அடங்கும் கிண்ண அடுக்கு! பெர்க்சயர் வட்டாரத்தில் பக்கில்பரி என்னும் சிற்றூரில் ஜார்ஜ் லெய்லி என்றொருவர் இருந்தார். 1869-இல் பிறந்தவர். மின்விசைப் பொறிகள் ஊரெங்கும் ஓடிய காலத்திலும், குடிசையில் மிதிபொறியை வைத்துக்கொண்டு, எல்ம் மரத்தில் இத்தகைய அடுக்குக் கிண்ணங்களைக் கடைந்துகொண்டிருந்தார். 1958-இல் மறைந்தார். கற்க ஒருவரும் வரவில்லை. அவருடைய பொறியும் உளிகளும் ரெடிங் நகரத்துச் சிற்றூர் வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தொழில் செத்தது என்றே எல்லோரும் எண்ணினர்.

ஆனால் சாகவில்லை. 1990-களில் ராபின் வுட் என்பவர் அந்த அருங்காட்சியகத்து உளிகளைப் பார்த்தார், வளைவை அளந்தார், தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து அத்தகைய கொக்கிகளைச் செய்தார், மிதித்துப் பழகினார். லெய்லியின் மகனல்லர் அவர், பேரனுமல்லர். (பெயரில் மரம் இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள்; அந்நாட்டில் அது பலருக்கும் உள்ள குடும்பப் பெயர்.) கற்பிக்க ஆசான்கூட இல்லாத நிலையில் கருவியையே ஆசானாகக் கொண்டு கற்றார். இன்று அவரிடம் கற்றவர் பலர்.

இந்தச் செய்தியை நாம் சற்று நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1953-இல் நம் மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. நாளில் பாதி பள்ளியில். மீதி நேரம் தந்தை செய்யும் தொழிலை வீட்டில் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். 1954-இல் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழில் குருதியில் வருகிறது, தச்சன் மகன் கையில் உளி தானே பேசும் என்பது அந்தத் திட்டத்தை ஆதரித்தோரின் பேச்சு. குருதியில் வருமெனில் லெய்லியின் தொழில் 1958-உடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே! தொழில் தங்கியிருந்தது குருதியில் அன்று. கொக்கியின் வளைவில், கட்டையின் தழும்பில், கற்கத் துணிந்த மனிதனின் மூளையில். தச்சன் மகன் தச்சனாவதை நாம் தடுக்கவில்லை. அவன் மருத்துவனாகலாம், மருத்துவன் மகள் உளி பிடிக்கலாம். பிடிக்கச் செய்த இடமும் தொலைவில் இல்லை.

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சன்னபட்டணம் அது. அரக்குப் பூசிய மரப்பொம்மைகளால் பெயர்பெற்ற ஊர். பாரசீகக் கைவினைஞரை வரவழைத்துத் திப்பு சுல்தான் இத்தொழிலை ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே முசுலிம்களும் இந்துக்களும் கடைகிறார்கள். பெண்களும் பொறியில் அமர்கிறார்கள். மரம் நம் வெட்பாலை. வெள்ளை நிறம், நுண்ணிய இழை, உளிக்கு இணக்கம். ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளுக்கும் அதே மரந்தான். அரக்குப் பூசும் வேலையைக் காணக் கண் கோடி வேண்டாம், இரண்டே போதும். ஆனால் உற்றுக் காண வேண்டும். வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையில் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. பின்னர்த் தாழை ஓலையை வைத்து அழுத்தினால் மெருகேறுகிறது. தூரிகை இல்லை, அடுப்பு இல்லை, சுழற்சியே நெருப்பு.

நம் மாநிலத்திலோ பொருநைக் கரையில் அம்பாசமுத்திரம் இருக்கிறது. சொப்புச் சாமான் அங்கிருந்தே ஊரெங்கும் போயிற்று. சிறு அடுப்பு, சிறு பானை, சிறு குடம், சிறு உரல் என்று எல்லாம் கடைசல், எல்லாம் அரக்கு வண்ணம். மலையில் வளர்ந்த மஞ்சக்கடம்பு மரத்தை முன்பு நம்பியிருந்தனர். காடுகளுக்குக் காவல் வந்தது; 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. காட்டைக் காப்பது சரிதான். ஆனால் காட்டை மொட்டையடித்தது சொப்பு செய்தவனின் கையகலக் கட்டையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கிடைத்த வேறு மரங்களுக்கு மாறினார்கள். அப்புறம் நெகிழிப் பொம்மை வந்து, மலிவு விலையில் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். அதே கடைசல் பொறி பம்பரத்தையும் செய்தது, சொப்பையும் செய்தது. பம்பரம் பையன் கைக்குப் போய்த் தெருவில் சுழன்றது. சொப்பு பெண்ணின் கைக்குப் போய்த் திண்ணையில் சோறு சமைத்தது. பொறிக்கு ஆண் பெண் தெரியாது. தெரிந்தது வாங்கிக் கொடுத்தவர்களுக்கு. நம் வகுப்பில் சிறுமி ஒருத்தி பம்பரம் விட்டபோது கைதட்டாமல் சிரித்தார்கள். அவள் மூன்று பம்பரத்தை உடைத்தபின் சிரிப்பு நின்றது.

கொங்கு நாட்டில் கிண்ணத்தைவிட வேறு பொருள்களுக்கே கடைசல் பொறி மிகுதியாகச் சுழன்றது. வண்டிச் சக்கரத்தின் குடம், ஏற்றத்தின் உருளை, தொட்டில் கம்பு, கட்டில்கால், நடைவண்டியின் உருளை. 1920-களில் திருப்பூர் கதரின் பெருநிலையமாக விளங்கியபோது இராட்டையின் அச்சும் உருளைகளும் கடைசல்காரர் கையால் வந்தவை. தறிக்குத் தார்க்குச்சி வேண்டும். 1888-இல் கோவையில் நூற்பாலை தோன்றிய பின்னர் ஆலைக்கு நூல்சுற்றும் மரக்கட்டைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அவை ஒன்றுபோல் ஒன்று இருக்க வேண்டும். ஒரு கட்டை எடையிலோ தடிப்பிலோ மாறினால் சுழலும் விசையில் நூல் அறும். ஒத்த உருவில் பல பொருளைக் கடையும் தேவை ஆலையால் வந்தது. 1930-களில் பைக்காரா மின்விசை கிடைத்ததும் கயிறும் மிதியும் ஒதுங்கின. மரம் கடைந்த பொறியே இரும்பு கடையும் பொறியாயிற்று. இன்று கோவையின் இறைப்பான்களுக்கும் திருப்பூரின் பின்னலாடை எந்திர உறுப்புகளுக்கும் தாய், அந்தச் சுழலும் கட்டைதான். மத்தாட்டிய ஆய்ச்சியைத் தொழிற்புரட்சியின் பாட்டியென்றால் தவறில்லை.

ஒத்த இரு கிண்ணங்களை ஒரே மரத்தில் கடைவது எப்படி? புத்தகத்தில் படித்தோம், போதாதென்று செய்தும் பார்த்தோம். சாலையை அகலமாக்க வெட்டிய வாகை மரம் ஒன்றின் துண்டை விலைக்கு வாங்கிக்கொண்டு, கட்டில்கால் கடையும் முதியவர் ஒருவரின் பட்டறைக்குச் சென்றோம். பச்சை மரம். அடுத்த வாரமே கிண்ணம் வேண்டும் என்றோம்.

"ஏனுங்க வாத்தியாரே, பச்சை மரத்துல அவசரப்பட்டா ஆகுமுங்களா? மொதல்ல தடிப்பாக் கடைஞ்சு, நெழல்ல போட்டு, ஆறு மாசம் கழிச்சு வாங்க."

நாம் கேட்கவில்லை. பட்டம் பெற்றவரல்லவா! முழுத்துண்டாகவே கடையச் சொன்னோம். நான்காம் நாள் நடுவில் பிளந்தது. பிளவு நேரே மரத்தின் மையத்திலிருந்து புறப்பட்டிருந்தது.

காரணம் எளிது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையத்தின் போக்கில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். மையம் உள்ளேயே இருந்தால் வளையங்கள் சுருங்க இடமின்றி வெடித்துப் பிளக்கும். ஆகவேதான் கட்டையை நெடுக இரண்டாகப் பிளந்து, மையத்தை நீக்கிவிட்டு, பாதிக்கு ஒரு கிண்ணமாகக் கடைகிறார்கள். வெட்டு முகங்களே இரு கிண்ணங்களின் வாய்களாகும். முதலில் தடிப்பாகக் கடைந்து காயவிட்டால் வட்டம் சற்றே முட்டை வடிவாகும்; அப்புறம் மீண்டும் பொறியில் ஏற்றி மெல்லிதாகக் கடைந்தால் வட்டம் நிலைக்கும். இரண்டும் ஒரே மரம், ஒரே ஈரம், ஒரே இழை. ஆதலால் ஒன்று சுருங்கும் அளவே மற்றதும் சுருங்கும். உருசியர் செய்யும், ஒன்றனுள் ஒன்று அடங்கும் பொம்மைக்கும் ஒரே மரத்தைத் தேர்வது இதனால்தான். மூடியும் பெட்டியும் வெவ்வேறு மரமானால் மழைக்காலத்தில் ஒன்று இறுகும், மற்றது தளரும். நம் குங்குமச் சிமிழின் மூடி இன்றும் சரியாகப் பொருந்துகிறதே, அதன் சூழ்ச்சியும் இதுவே.

மறுமுறை முதியவர் சொன்னபடி கேட்டோம். வாகையின் வைரம் பாய்ந்த பகுதியில் இரு கிண்ணங்கள் கிடைத்தன. வாயோடு வாய் பொருத்தினோம். மையம் நீங்கிய இடைவெளி போக, வளையங்கள் சேர்ந்தன. அம்மிச்சி வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

அந்த இரு மரவைகளைக் கடைந்தவர் மரத்தின் அறிவியலை அறிந்தவர். ஒரே கட்டையை இரண்டாக்கினால் இரண்டும் ஒன்றாகவே நடந்துகொள்ளும் என்பதைக் கையால் அறிந்தவர். வேறாக நடத்தியவர் வாங்கிய வீட்டார். மரம் ஒன்று, உளி ஒன்று, கை ஒன்று. வீட்டுக்குள் ஒன்று உப்பு, வெளியே ஒன்று தீட்டு. 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தண்டனைச் சட்டம் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவை எல்லாம் வந்தபின்னரும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. பின்னர்க் காகிதக் குவளை வந்தது, கடைக்காரருக்கு எளிதாயிற்று. சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குக் காகிதம் என்று கொடுத்தால் துப்புரவு என்று சொல்லிக்கொள்ளலாமே! 2018-இல் இதே அவிநாசி வட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்க வந்த தாழ்த்தப்பட்ட பெண்மணி, சமைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டார். அவரையே வேறிடத்துக்கு மாற்றினர், எதிர்ப்பு எழுந்தபின் அந்த ஆணை நீக்கப்பட்டது, வழக்கும் பதிவாயிற்று. கிண்ணம் மாறியது, அரிசி மாறியது, ஊற்றும் உயரம் மட்டும் மாற மறுக்கிறது.

அம்மிச்சி மறைந்தபின் பாத்திரங்களைப் பங்கிட்டார்கள். பித்தளைக்குச் சண்டை, செம்புக்குச் சண்டை. சமையற்கட்டு மரவையை மாமன் எடுத்துக்கொண்டார். இறவாணத்து மரவையை எடுப்பார் இல்லை. அடுப்பில் போட்டுவிடலாம் என்றார்கள். நாம் எடுத்துவந்தோம். விளிம்பில் ஓரிடம் தேய்ந்து பள்ளமாயிருக்கிறது. எத்தனை பேர் உதடு பட்டுத் தேய்ந்ததோ! இப்போது அது நம் வகுப்பறை மேசையில் இருக்கிறது. சுண்ணக்கட்டிகள் அதில் கிடக்கின்றன. கரும்பலகையில் எழுத வரும் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் கையை விட்டு எடுக்கிறார்கள்.

மற்றதையும் கேட்டிருக்கிறோம். இரண்டையும் சேர்த்து வைத்து வளையம் எப்படிக் கூடுகிறது என்று மாணவர்க்குக் காட்ட வேண்டும் என்றோம். மாமன் மறுக்கவில்லை. "குடுக்கறேன் மாப்ள. ஆனா அதையும் இதையும் ஒண்ணா வெக்கப்படாது" என்றார்.

ஓராண்டு ஆகிறது. ஒவ்வொரு விடுமுறையிலும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.